நம்ம வீட்டுச் சத்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சாத்தூர்க்காரன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். 2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ படம் வந்தபோது நீங்கள் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தியேட்டரில் இருபது பேர்கூட இல்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் இருந்து ஒரு பையன், “ஆபரேட்டரண்ணே, சவுண்டு வைங்கண்ணே” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வெளியே வந்ததும், “நம்ம வீட்டுச் சத்தத்தக் கேக்கவா நூத்தி இருபது ரூவா குடுத்தோம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழ்ப் படத்தில் பின்னணி இசை அதிகம், சத்தம் அதிகம் என்று நீங்கள் விடாமல் எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தாலும் சத்தம், ஆள் செத்தாலும் சத்தம். ஆடி மாதம் ஸ்பீக்கர் கட்டாமல் கோயிலில் பொங்கல் வைத்ததே இல்லை. அமைதியை ரசிப்பது, அமைதியான தெருவில் வீடு வாங்க முடிந்தவர்களின் ரசனை இல்லையா? சத்தமாக வாழ்கிற ஜனங்களின் சினிமா சத்தமாகத்தானே இருக்கும்? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது, படத்தில் ஸ்பீக்கரில் வந்த அந்தப் பாட்டை அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடுத்து அவரை எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றும் சொல்லுங்கள்.

மு.

அன்புள்ள மு.,

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, நான் எழுதியதை எனக்கே திருப்பிச் சொல்பவை. நீங்கள் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் உங்கள் கேள்வியைவிட அம்மாவின் கேள்விதான் பெரியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

“நம்ம வீட்டுச் சத்தம்” என்றார் பாருங்கள், அந்தப் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இவ்வளவு சரியான சொல்லை நான் பார்க்கவில்லை. நான் உட்பட எல்லோரும் ‘மௌனம்’, ‘அமைதி’ என்றுதான் எழுதினோம். அது தவறு. ‘கொட்டுக்காளி’ சத்தமில்லாத படம் இல்லை. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது காது நிறையச் சத்தம் உள்ள படம். ஆட்டோ இன்ஜின் படம் முழுக்க உறுமிக்கொண்டு வருகிறது. கூடவே பைக்குகள். கால் கட்டிய சேவல் சிறகை அடித்துக்கொள்கிறது. தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருகிற நாயகன் பாண்டியின் குரல் இருக்கிறதே, கரகரவென்று, அந்தக் குரலை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். ஊரையே மிரட்டுகிற ஆளுக்கு வாயைத் திறந்தால் சத்தம் சரியாக வரவில்லை.

அம்மா முணுமுணுத்த பாட்டுக்கு வருகிறேன். மொத்தப் படத்திலும் இசை என்று வருவது வழியில் ஒலிபெருக்கியில் ஓடும் அந்தப் பாட்டுதான். ஏறக்குறையப் படம் முழுக்க வாய் திறக்காமல் வருகிற மீனா, பாண்டிக்குப் பேசிவைத்த பெண், அதற்கு மட்டும் லேசாக உதடு அசைக்கிறாள். அதைப் பார்த்துத்தான் பாண்டி வெறி பிடித்து அடிக்கிறான். அவளை மட்டுமா, தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து. அந்த இடத்தில் பின்னால் நாற்பது வயலின் அழுதிருந்தால் நாம் வயலினைக் கேட்டிருப்போம். அவள் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்காது. உங்கள் அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை.

இப்போது இன்னொரு கேள்வி வருகிறது. நம் வீட்டுச் சத்தம் திரையில் கேட்டால் நமக்கு ஏன் இவ்வளவு விநோதமாக இருக்கிறது? ‘ஆபரேட்டரண்ணே’ என்று கத்திய பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெஷின் ரிப்பேர் என்றுகூட அவன் நிஜமாகவே நினைத்திருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

தமிழ் பேசும் படம் 1931இல் ‘காளிதாஸ்’ படத்தோடு வந்தது. அப்போது பேச்சும் பாட்டும் படம் எடுக்கும்போதே பதிவாக வேண்டும். நடிகர்கள் பாட, வாத்தியக்காரர்கள் கேமராவில் விழாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். சூரிய வெளிச்சத்தை நம்பித் திறந்தவெளியில் எடுத்தால் காக்கை கரைவதும் பதிவில் ஏறிவிடும். அதனால் காக்கைகளை விரட்டத் துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்ததாக அந்தக்காலச் சென்னை ஸ்டூடியோக்களைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். எனக்கு இது மறக்கவே மறக்காத தகவல். நம் சினிமா வாய் திறந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று காக்கையை விரட்டியது.

அப்புறம் ஸ்டூடியோவுக்குக் கனமான கதவுகள் வந்தன. வெளிச் சத்தம் உள்ளே வராது. வசனம் மட்டும் கேட்கும். அது வசனத்தின் காலம், அதற்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

பிறகு 1977இல் ‘16 வயதினிலே’ வந்தது. செட்டை விட்டுக் கேமரா ஊருக்குள் போனது. வரப்பு, ஆற்றங்கரை, டீக்கடை, ஒழுகுகிற கூரை எல்லாம் முதல்முறையாக நிஜமாகவே திரையில் தெரிந்தன. எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வெளிப்புறத்துக்குக் கொண்டுபோன அந்தச் சின்ன ஆரி கேமராக்கள் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி தடதடக்கும். அந்தச் சத்தத்தில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. அதனால் படத்தை ஊரில் எடுத்து, பேச்சையும் சத்தத்தையும் கோடம்பாக்கத்துக் குளிரூட்டிய அறையில் சேர்த்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், கேமரா கிராமத்துக்குப் போனபோது மைக் கூடப் போகவில்லை. நம் கண் ஊருக்குப் போயிற்று, காது கோடம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

இந்தக் குறை அப்போது தெரியவில்லை. காரணம் ஒரே ஒரு ஆள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்துவிட்டார். பண்ணைப்புரத்துக்காரர். நாற்று நடுகிறவர்கள் பாடுவது, கோயில் கொட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர் காதில் ஏற்கெனவே இருந்தன. ஊரின் சத்தம் மைக்கில் வரவில்லை, அவருடைய வாத்தியங்களில் வந்தது. ஒற்றைப் புல்லாங்குழல் வந்தால் வயற்காற்று அடித்தது. ஒரு தவிலோ உறுமியோ விழுந்தால் தெரு கூடியது. இசையே சூழலாக இருந்ததால், சூழல் சத்தம் இல்லை என்பதையே நாம் கவனிக்கவில்லை. சினிமாக்காரர்கள் பின்னணி இசையை ஆர்.ஆர். என்பார்கள், ரீ-ரெக்கார்டிங். ஒரு படத்துக்கு ஆர்.ஆர்.தான் உயிர் என்ற நம்பிக்கை அந்தப் பதினைந்து இருபது வருஷத்தில்தான் நமக்குள் இறுகியது. அவர் செய்ததற்கு அது பொருந்தியது. அந்தக் காது இல்லாதவர்களும் அதே இடத்தை அதே அளவு நிரப்ப வேண்டும் என்று ஆனபோதுதான் சிக்கல் வந்தது. தொண்ணூறுகளில் டி.டி.எஸ். என்ற டிஜிட்டல் ஒலிமுறை வந்து, போஸ்டரில் நடிகர் பேருக்குச் சமமாக அந்த மூன்று எழுத்தும் ஏறியது. ஸ்பீக்கர் அதிகமானது. எதைக் கேட்க வைப்பது என்ற யோசனை மட்டும் அதிகமாகவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்களே சாவு வீட்டைச் சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். பறை அடிக்கிறவர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற பெண் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும் வரை சாதாரணமாகத்தான் வருவாள். வீடு கண்ணில் பட்டதும் ஆரம்பிப்பாள். உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். ஐந்தாறு தலைகள் ஒன்றாகச் சேர்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுப்பார்கள். அது ஒரு சுற்று ஓய்ந்து மூக்கைச் சிந்தும்போது, “ஏத்தா, எந்த வண்டிக்கு வந்த? ஏதாச்சும் சாப்பிட்டியா?” என்று ஒரு குரல் மெல்லக் கேட்கும். “சாத்தூர்ல இறங்கி மாறி வந்தேன்” என்று இவள் சொல்லுவாள். அடுத்த ஆள் வாசலில் தெரிந்ததும் திரும்ப எடுப்பார்கள். இது பொய் அழுகை இல்லை. துக்கமும் விசாரிப்பும் எங்களுக்கு ஒரே மூச்சில் வரும். பிள்ளை பசியில் அழும், யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், பந்தல்காரர் கம்பு அடிப்பார். அத்தனைக்கும் நடுவில் பிணத்தைத் தூக்குகிற நொடியில் எழும் அந்தக் கூட்டு அலறல் இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

நம் படங்களில் எத்தனை சாவு பார்த்திருப்போம்! அவற்றில் இந்தச் சத்தத்தை எத்தனை முறை கேட்டிருப்போம்? ஆட்கள் அழுவது தெரியும், வாய் அசைவது தெரியும், குரலை அணைத்துவிடுவார்கள். மேலே சோகமாக ஒரு இசை வழியும். நம் பெண்களின் அழுகையைவிட அந்த இசைதான் கௌரவமானது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நான் எதிர்ப்பது இதைத்தான். நம் ஜனங்கள் சத்தமாக இருக்கிறார்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவர்களுடைய சத்தத்தைச் சினிமா கேட்க மாட்டேன் என்கிறது, அதுதான் என் குறை.

கொத்து பரோட்டாவும் அப்படித்தான். கல்லில் இரண்டு தகடும் விழும் சத்தத்தை வைத்தே வாசலில் நிற்கிறவன் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். வெறும் பரோட்டாவைக் கொத்தும்போது கணீரென்று வரும். முட்டையும் சால்னாவும் விழுந்ததும் சத்தம் மங்கும், கொஞ்சம் ஈரமாகும். கடைசியில் மாஸ்டர் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவார், அது இலை போடு என்று அர்த்தம். மாஸ்டருக்கு மாஸ்டர் தாளம் வேறு. படத்தில் பரோட்டாக் கடை வந்தால் இதைத் தூக்கிவிட்டு ஒரு குத்துத் தாளத்தைப் போட்டுவிடுகிறார்கள். தாளம் அங்கேயே இருந்ததே!

சரி, உங்கள் கேள்வி. அமைதி வசதியானவர்களின் ரசனையா?

ஒரு பகுதி உண்மைதான். சுவர் தள்ளிக் கட்டிய வீட்டில் வளர்ந்த சிலருக்குப் பறைச் சத்தமும் மீன்காரம்மா குரலும் ஒரே மாதிரி இரைச்சலாகப் படுகின்றன. அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். ஆனால் ஸ்பீக்கரையும் பறையையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பறை அடிக்கிறவர் களைத்தால் நிறுத்துவார், டீ குடிப்பார், எதிரில் ஆடுகிறவனின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுவார். கூம்பு ஸ்பீக்கருக்குக் களைப்பும் கிடையாது, கண்ணும் கிடையாது. அது தெருவில் கட்டப்பட்டதும் மற்ற எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். குலவை போட்டால் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. குலவை கேட்காத பொங்கல் என்ன பொங்கல்?

என் அப்பாவின் கடைசி மாதத்தில் இது எனக்கு நேர்ந்தது. ஆடிக் கொடைத் திருவிழா, பக்கத்துத் தெருவில் ஸ்பீக்கர், எல்.ஆர். ஈஸ்வரி அம்மாவின் பாட்டுகள். அவை எனக்கு உயிரான பாட்டுகள். ஆனால் அப்பாவுக்கு அப்போது ஒரு கதவு சாத்தினாலும் உடம்பு தூக்கிப்போடும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் இருக்கிறது. அதையெல்லாம் பேசத் தயார் செய்துகொண்டு கோபமாகப் போனேன். சவுண்டு சர்வீஸ் பையன், இருபது வயதிருக்கும், நான் “அப்பாவுக்கு முடியல தம்பி” என்று சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறினான். எங்கள் வீட்டைப் பார்த்திருந்த கூம்பை வேறு பக்கம் திருப்பிக் கட்டினான். மறுநாள் காலை பிரசாதம் கொண்டுவந்து, திண்ணையில் கொஞ்ச நேரம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் தயார் செய்துகொண்டு போன சட்டம் எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்தப் பையனுக்குச் சத்தம்தான் பிழைப்பு. ஆனாலும் அடுத்தவரின் காது அவனுக்குத் தெரிந்தது.

படத்துக்கு ஆர்.ஆர். போடுகிறவர்களிடமும் நான் கேட்பது அவ்வளவுதான். கூம்பைக் கொஞ்சம் திருப்பிக் கட்டுங்கள்.

தியேட்டர் விசில் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடை நாடகத்தில் ஊறிய நடிகர்கள் வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பார்கள், கைத்தட்டலுக்கு இடம் விட்டு. அது சபைக்குக் கொடுக்கும் மரியாதை. இப்போது நாயகன் கார் கதவைத் திறக்கும்போதே பி.ஜி.எம்., அதே பின்னணி இசைதான், நம் நெஞ்சில் இடிக்க ஆரம்பித்துவிடுகிறது. நாம் கத்தினாலும் நம் சத்தம் நமக்கே கேட்பதில்லை. சத்தமாக வாழ்கிற ஜனங்களை முதலில் வாயடைத்து உட்கார வைத்தது இந்தப் படங்கள்தான்.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும். 2004இல் ‘விருமாண்டி’யை நேரடி ஒலிப்பதிவில் எடுத்தார்கள். அதில் மதுரைப் பக்கத்துப் பேச்சு உடம்போடு ஒட்டி வருவதைக் கேட்டுப் பாருங்கள். டப்பிங்கில் அது வராது. ஓடி வந்து மூச்சு வாங்கப் பேசியதை, ஆறு மாதம் கழித்து ஒரு மைக் முன்னால் அசையாமல் நின்று பேசும்போது மூச்சும் நடிப்பாகிவிடுகிறது. தடதடக்கும் கேமரா என்ற பழைய காரணமும் இன்றைக்கு இல்லை. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் ஓடுவதில்லை. ஆனாலும் பெரும்பாலும் டப்பிங்தான். முக்கியமான காரணம் ஒன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பல காட்சிகளில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக் கேட்டு நடிக்கிறார்கள். ப்ராம்ப்டிங். நேரடியாகப் பதிவு செய்தால் அவர் குரலும் விழும். தமிழ் தெரியாதவரை நாயகியாகப் போட்டு, அவருக்கு வேறொருவர் குரல் கொடுக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. அந்தக் குரல் கலைஞர்கள் அபாரமான திறமைசாலிகள், அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே நாலைந்து குரல்கள் பத்து வருஷமாகப் பல முகங்களில் மாறி மாறிக் கேட்கின்றன. பொள்ளாச்சிப் பெண்ணும் ராயபுரத்துப் பெண்ணும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வசனம் மனப்பாடம், வட்டாரப் பேச்சுக்குப் பயிற்சி, படப்பிடிப்பில் ஒழுங்கு, இந்த மூன்றும் இருந்தால் போதும். வினோத்ராஜ் போன்றவர்கள் சின்ன பட்ஜெட்டில் செய்து காட்டியதைப் பெரிய பட்ஜெட்டில் செய்ய முடியாதா?

அம்மாவுக்கு என்ன படம் என்று கேட்டீர்கள். தியேட்டர் வேண்டாம், வீட்டிலேயே ‘வீடு’ போட்டுக் காட்டுங்கள். பாலு மகேந்திரா, 1988. பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்டுகிறாள். சிமெண்டு, கம்பி, மேஸ்திரி, ஏமாற்று என்று எல்லாம் உங்கள் வீட்டிலும் பேசியிருக்கக்கூடிய பேச்சுதான். நான் இசைக்கு எதிரி இல்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருவார். சுவரைத் தொட்டுத் தடவிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போவார். அப்போது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து இசை எழும். அதுவரை கொத்துக்கரண்டியும் தண்ணீர்க் குடமும் கேட்டுப் பழகிய காதில் அது விழும்போது என்ன ஆகிறது என்று நான் எழுதப் போவதில்லை. அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதுங்கள்.

அந்த நேரத்தில் மட்டும் மிக்ஸி போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.